உன் வகுப்பில் நான் பேசிய பேச்சு

ஏலே சுண்டு,

இப்படிக் கூப்பிட்டா உனக்குப் பிடிக்காது. காலேஜ் வாத்தியாரை எவளாவது சுண்டுன்னு கூப்பிடுவாளாம்மான்னு சிணுங்குவே. பிறக்கும்போது ஒரு கைக்குள்ள அடங்குற மாதிரி இருந்தே, அதனால வச்ச பேரு. நீ போய்ச் சேர்ந்து வருசம் திரும்பிருச்சு. இந்த மாசத்தோட நானும் கம்பெனிக்குப் போறதை நிறுத்திட்டேன். கண்ணு மங்குது, கீழ உட்கார்ந்தா சட்டுனு எந்திரிக்க முடியல. காலையில தெருமுனையில வேன் ஆரன் அடிக்கிற சத்தம் கேட்டா இன்னும் கால் தன்னால வாசலுக்குப் போகுது. போய் நின்னுட்டுத் திரும்பி வாரேன். அப்புறம் பகல் பூராவும் சும்மாதான். அதான் எழுத உட்கார்ந்தேன். அஞ்சாப்போட நின்ன கை, எழுத்து ஒண்ணொண்ணாத்தான் வருது. பக்கத்து வீட்டுக் கிரேஸ் டீச்சர் பிழை திருத்தித் தாரேன்னு சொல்லியிருக்காக. நாலு பேர் படிக்கிற மாதிரி எங்கயாவது போடலாமான்னும் கேட்டாக. போடுங்கன்னுட்டேன். ஒளிச்சு ஒளிச்சு நான் கண்டது போதும்.

எழுத வந்த விசயம் உனக்கே தெரியும். உன் அமெரிக்கா வகுப்புல, அந்தப் பிள்ளைகளுக்கு முன்னாடி, போன்ல நான் பேசினேனே, அந்தப் பேச்சு. அதைப் பத்தி நாம ரெண்டு பேரும் மனசு விட்டு ஒரு வார்த்தை பேசல. பேச விடாதவ நான்தான். சோறு தின்னும்போதும் அதுதான் நெஞ்சுல வந்து நிக்குது.

உங்கப்பா போன பிறகு நான் பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன். புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை. அந்த மருந்துல அலுமினியப் பவுடர் கலந்திருக்கும். சாயங்காலம் வேலை முடிஞ்சு வரும்போது மூஞ்சி, கை, புருவம் எல்லாம் வெள்ளி பூசுன மாதிரி மினுங்கும். சிவகாசி பஸ் ஸ்டாண்டுல எம்புட்டுக் கூட்டம் நின்னாலும் எங்களைத் தனியாத் தெரியும். எங்களுக்குள்ள ஒரு பழக்கம் உண்டு. கல்யாணம், சடங்கு, பொண்ணு பார்க்க வாரது, பிள்ளை படிக்கிற இடத்துல கூப்பிடுறது, எதுவா இருந்தாலும் முந்தின நாளே லீவு போட்டுட்டுப் புளியும் கல்லுப்பும் வச்சுக் கையைத் தேய்ப்போம். நகக்கண்ணுல துளி வெள்ளி தெரிஞ்சாலும் எதிர்ல இருக்கவங்க ஒரு பார்வை பார்ப்பாங்க. அந்தப் பார்வைக்குப் பயந்தே தோல் எரிய எரியத் தேய்ச்சோம். பட்டாசு விக்கிறவங்க யாரும் ஒளிச்சு வைக்கல. செய்யிற நாங்கதான் கையை ஒளிச்சு வச்சோம்.

உன் பள்ளிக்கூடத்துல பெத்தவங்களை வரச் சொன்னாங்க. தீபாவளி சீசன், ஆர்டர் குவிஞ்சு கிடந்துச்சு, லீவு தரல. வேன்ல இருந்து இறங்கி நேரா வந்தேன். கேட்டுக்கு எதிர்ல சைக்கிள் கடை ஓரமா முக்காடு போட்டு நின்னுக்கிட்டேன். நீ எப்படியோ பார்த்துட்டு ஓடி வந்து, டீச்சர் கூப்பிடுறாங்க வாம்மான்னு கையைப் பிடிச்சு இழுத்தே. நான் உன்னைத் தள்ளிவிட்டேன். உன் வெள்ளைச் சட்டையில என் விரல் அஞ்சும் அப்படியே பதிஞ்சு போச்சு. நீ அந்தச் சட்டையோட உள்ள போனே. தட்டிக்கூட விடல. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

அதுக்கப்புறமும் வேன் உன் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது தலையைக் குனிஞ்சுக்குவேன். எந்த வேன்ல நான் வாரேன்னு தெரியாம நீ எல்லா வேனுக்கும் கை காட்டிக்கிட்டு நிப்பே. என் பக்கத்துல உட்கார்ந்து வர்ற பேச்சி, "ஒம் மகன் எலெக்சன்ல நிக்கானாக்கா? இம்புட்டுப் பேருக்கும் கை காட்டுதான்"ன்னு சிரிப்பா. நானும் குனிஞ்ச தலையோட சிரிப்பேன்.

விருதுநகர்ல இங்கிலீசு எம்.ஏ. முடிச்சு, காரியாபட்டிப் பக்கம் ஒரு காலேஜ்ல வேலைக்குச் சேர்ந்தே. முதல் வருசப் பிள்ளைகளுக்கு வாசிக்கவும் எழுதவும் கத்துக்கொடுக்கிற வேலை. பாதிப் பிள்ளைக எங்க மாதிரி வேன் ஏறிப் போறவங்க பெத்ததுதான். நீ சந்தோசமாத்தான் இருந்தே. நான் இருக்க விட்டேனா? பேச்சி ஒருநாள் வேன்ல வச்சு, "இங்கிலீசு படிச்சவுக இங்கிலீசு நாட்டுக்குப் போவாக. ஒம் மகன் காரியாபட்டிக்குல்ல போறான்"னா. வேன் பூராவும் சிரிச்சுச்சு. அந்தச் சிரிப்பைச் சோத்தோட சேர்த்து உன் தட்டுல வச்சேன். அன்னைக்கு மட்டுமில்ல, தினமும் வச்சேன். நெருப்பு இருக்கிற ஊர்ல நீ இருக்கக் கூடாதுன்னு ஒரு பயம் ஒருபக்கம், பட்டாசுக்காரி மகன் அமெரிக்காவுல இருக்கான்னு நாலு பேர் சொல்லணும்ங்கிற ஆசை ஒருபக்கம். எது பெருசுன்னு இப்ப கேட்டா எனக்கே சொல்லத் தெரியல. நீ எழுதிப் போட்டே, இடம் கிடைச்சுச்சு. அங்கன மேல படிக்கணும், படிச்சுக்கிட்டே அந்தக் காலேஜ்லயே பாடமும் நடத்தணும்னு சொன்னே.

என்ன பாடம்லேன்னு கேட்டேன். இதே பாடம்தான்மா, முதல் வருசப் பிள்ளைகளுக்கு வாசிக்க, எழுதன்னு சொன்னே. வெள்ளக்காரப் பிள்ளைகளுக்கே நீதான் இங்கிலீசு சொல்லிக்கொடுக்கியான்னு எனக்குத் தலை கால் புரியல. வேன்ல போய்ச் சொன்னேன். பேச்சி ஒரு நிமிசம் யோசிச்சா. "அப்ப நமக்குத் தமிழ் சொல்லிக்குடுக்க அங்கன இருந்து ஒருத்தன் வருவானோ?"ன்னா. உன்கிட்டச் சொன்னப்ப நீயும் விழுந்து விழுந்து சிரிச்சே. பேசத்தான்மா அவங்களுக்குத் தெரியும், மனசுல இருக்கறதை எழுத அங்கயும் கஷ்டம்தான்னு அப்புறம் சொன்னே.

அந்த வருசம் பூராவும் வகுப்புக்கு ஒரே பொருளை எடுத்துக்கிட்டேன்னு சொன்னே. அமெரிக்கக் கனவு. பாடுபட்டா யாரும் மேல வரலாம்ங்கிறதுதான் அந்த நாட்டுக்காரங்க கனவு. அது நிசமா பொய்யா, யாருக்கு நிசம் யாருக்குப் பொய்னு படிக்கச் சொல்லி, பேச விட்டு, எழுதச் சொல்றேன்னே. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. இதுல ஒரு வருசம் படிக்க என்ன இருக்குன்னு கேட்டேன்.

"பாடுபட்டா மேல வரலாம். நீ வரலையா?"

"நீ பாடுபட்டே. நான்ல மேல வந்தேன்."

சொல்லிட்டு நீ, வகுப்புக்கு நேரமாச்சுன்னு போனை வச்சுட்டே.

அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை தோறும் உன் வகுப்புக் கதைதான். முதல்ல நாட்டை எழுதாதே, ஒரு ஆளை எழுதுன்னு சொல்லிக்கொடுப்பியாம். எங்க வீட்ல எல்லாரும் கடுமையா உழைச்சோம்னு ஒருத்தன் எழுதினா, ஓரத்துல தப்புன்னு போட மாட்டியாம். காலையில எத்தனை மணிக்கு எந்திரிச்சாங்க, கையில என்ன வாசனை அடிச்சுச்சுன்னு கேள்வியா எழுதிக் கொடுப்பியாம். அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வந்து திரும்ப எழுதணும். தொப்பியைக் கழட்டாம கடைசி வரிசையில உட்கார்ற ஒரு பையன், அவங்கப்பா கோழி வெட்டுற கம்பெனியில வேலை பார்க்கிறதை அப்படித்தான் எழுதினான்னு சொன்னே. அங்கயும் கோழி வெட்டுற கம்பெனி இருக்கா, அங்கயும் கை நாறுமான்னு கேட்டேன். எல்லா ஊர்லயும் நாறும்மான்னே.

ஒரே ஒரு பிள்ளைதான் உனக்குப் பிடி கொடுக்கல. அது பேரு என் வாயில நுழையல, நான் மரியான்னு வச்சுக்கிட்டேன். எங்கம்மா ஹோட்டல் தொழில் பண்றாங்கன்னு ரெண்டு வரி எழுதிட்டு நிறுத்திக்கிட்டாளாம். நீ ஓரத்துல என்ன கேள்வி போட்டுக் கொடுத்தாலும் அதே ரெண்டு வரி திரும்பி வரும். ஒருநாள் காலேஜுக்கு அந்தண்டை, தூரத்துலயே கார்ல இருந்து அவ இறங்கினதை நீ பார்த்திருக்கே. காரை ஓட்டிக்கிட்டு வந்தது அவங்கம்மா. லாட்ஜ் ரூம் கூட்டிக் கழுவுறவங்க போடுற உடுப்போட இருந்தாங்களாம். பிள்ளை திரும்பிப் பார்க்காம நடந்து போயிருச்சாம். அமெரிக்காவுல கூடக் கக்கூஸ் கழுவுறதுக்கு ஆள் வேணுமாலேன்னு நான் கேட்டேன். அவ ஏன் தூரத்துல இறங்குறான்னு எனக்குத் தெரியாதாம்மான்னு மட்டும் சொன்னே. சைக்கிள் கடை ஓரத்துல நான் நின்னதை நீ மறக்கலன்னு அப்பதான் எனக்குத் தெரிஞ்சது.

அப்புறம்தான் அதைக் கேட்டே. உன் வகுப்பு நடக்கிற நேரம் இங்கன பொழுது சாயுற நேரம், நான் வேனை விட்டு இறங்குற நேரம். வீடியோவுல வந்து அந்தப் பிள்ளைகளைப் பாருன்னு சொன்னே.

"கம்பெனியில இருந்து வந்த கோலத்தோடயே நில்லும்மா. ஒண்ணும் பேச வேண்டாம். கையை மட்டும் காட்டு. அந்தப் பிள்ளைக்காகக் கேக்கேன்."

சரின்னேன். மனசாரத்தான் சரின்னேன். எங்கேயோ இருக்கிற ஒரு பிள்ளைக்கு என் கையால ஒரு காரியம் ஆகும்னா ஆகட்டும்னு நினைச்சேன். மூணு நாள் அந்த நினைப்போடயே மருந்து அடைச்சேன். நாலாம் நாள் காலையில எந்திரிச்சதும் என்ன வந்துச்சோ தெரியல, வேனை அனுப்பிட்டேன். புளியையும் உப்பையும் எடுத்துக்கிட்டுக் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பிச்சுட்டேன். பொண்ணு பார்க்க வாராகன்னா தேய்ப்போமே, அதே மாதிரி. அத்தனை பிள்ளைகளுக்கு வாத்தியாரா நிக்கிறவனோட அம்மா இப்படியா வந்து நிப்பான்னு ஒரு சத்தம் காதுக்குள்ள கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கிரேஸ் டீச்சர் வீட்ல எல்லாரும் சாயங்காலம் ஜெபக் கூட்டத்துக்குப் போறாகன்னு தெரியும். சாவியைக் கேட்டு வாங்கினேன். கழுத்துல போட்டுக்க ஒரு செயினும் கேட்டேன். டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தாக. "மகன் கூடப் பேசுறதுக்கு எதுக்குக்கா செயின்?"னாக. பிள்ளைகள்லாம் பார்க்குமேன்னேன். கழட்டிக் கொடுத்துட்டாக. பட்டுச் சேலையைக் கட்டிக்கிட்டு, பிரிட்ஜ் தெரியிற மாதிரி அவுக சோபாவுல உட்கார்ந்து, போனைப் பூச்சாடியில சாய்ச்சு வச்சேன்.

நீ வந்தே. உனக்குப் பின்னாடி வரிசை வரிசையாப் பிள்ளைக. வெள்ளை, கறுப்பு, நம்ம நிறம், எல்லாம் கலந்து. என்னைப் பார்த்ததும் உன் மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. நான் அதைப் பார்க்காத மாதிரிப் பேச ஆரம்பிச்சேன். வணக்கம், நான் கம்பெனியில சூப்பர்வைசர், பேன் போட்ட ரூம்ல உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற வேலைன்னேன். இது எங்க வீடுன்னேன். என் மகனுக்கு ஒரு குறையும் வச்சதில்லன்னேன். நான் ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல நீ குனிஞ்சு கேட்டே. அப்புறம் அவங்க பக்கம் திரும்பி இங்கிலீசுல சொன்னே. நான் நாலு வார்த்தை சொன்னா நீ ரொம்ப நேரம் பேசினே. இங்கிலீசு அம்புட்டு நீளமான்னுகூட எனக்குத் தோணுச்சு. நடுவுல ஒரு தரம் என் பக்கம் திரும்பி, தமிழ்ல, மெதுவா, "எம்மா, கையைக் காட்டுறியா?"ன்னே. கைக்கு என்ன, நல்லாத்தான் இருக்குன்னு முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டேன். நீ சரின்னு தலையை ஆட்டினே. அப்புறம் அவங்ககிட்டப் பேசினே பாரு, அதுதான் எல்லாத்தையும் விட நீளம். ஒரு பிள்ளை அசையல. கடைசி வரிசைப் பையன் தொப்பியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டான். ஜன்னல் ஓரத்துல உட்கார்ந்திருந்த ஒரு பொம்பளைப் பிள்ளை புறங்கையால கண்ணைத் துடைச்சா. முடியப்போற நேரம் எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க. நானும் சோபாவை விட்டு எந்திரிச்சுக் கும்பிட்டேன். பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

போனை வச்சுட்டுச் செயினைக் கழட்ட டீச்சர் வீட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னேன். காது மடல்லயும் நெத்தி ஓரத்து முடியிலயும் வெள்ளி அப்படியே மினுங்கிக்கிட்டு இருந்துச்சு. கையைத் தேய்ச்ச வேகத்துல அதை மறந்துட்டேன்.

மறுநாள் நீ கூப்பிட்டப்ப ஒரு வார்த்தை கோவமாச் சொல்லல. செயின் யாரோடதும்மான்னு கேட்டே. டீச்சரோடதுன்னேன். உனக்கு எடுப்பா இருந்துச்சுன்னே. திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். கொஞ்ச நாள் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை, குரல்லயே தெரிஞ்சது சந்தோசம். அந்தப் பிள்ளை எழுதிட்டாம்மான்னே. அவங்கம்மா முட்டி போட்டுத் தரை தேய்க்கிறது, துணியில எந்நேரமும் அடிக்கிற பிளீச்சிங் பவுடர் வாசம், மெத்தை விரிப்பை நாலு மூலையும் இழுத்துச் சொருகுறது, எல்லாத்தையும் எழுதி, அவளே எந்திரிச்சு நின்னு வகுப்புக்கு வாசிச்சாளாம். எனக்கு ஒண்ணும் புரியல. சூப்பர்வைசர் பேச்சைக் கேட்டா அவ இதை எழுதினா? கேக்க நினைச்சேன். நீயே ஆரம்பிச்சே.

"எம்மா, அன்னைக்கு நான் அவங்ககிட்ட என்ன சொன்னேன்னா..."

"அதை விடுலே. சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன்னே. வெட்கத்துல நான் உன்னை அன்னைக்கும் தள்ளித்தான் விட்டேன். நீயும் அதுக்கு மேல அந்தப் பேச்சை எடுக்கல. அந்தக் குளிர்காலத்துலயே, காலையில வகுப்புக்குப் போற வழியில, பனி உறைஞ்ச ரோட்டுல கார் வழுக்கிருச்சுன்னு செய்தி வந்துச்சு. நெருப்புக்குப் பயந்து அனுப்பினவ நான். மதுரை ஏர்போர்ட்டுல இருந்து உன்னைப் பெட்டியில வச்சுக் கொண்டுவந்தாங்க. அன்னைக்குக் கம்பெனியில பாதிப் பேர் வேலையை விட்டுட்டு நேரா நம்ம வீட்டுக்கு வந்துட்டாங்க. யாரும் கையைக் கழுவிட்டு வரல. உன் வெள்ளைத் துணி பூராவும் விரல் விரலா வெள்ளி. துடைச்சு விடவான்னு பேச்சி கேட்டா. வேண்டாம்னேன்.

உனக்குக் கல்யாணம் ஆகி ஒரு பிள்ளை பிறந்திருந்தா, உன்னைப் பக்கத்துல உட்கார வச்சு ஒண்ணே ஒண்ணு சொல்லியிருப்பேன். வேலைக்குப் போன கோலத்தோடயே பிள்ளை முன்னாடி போய் நில்லுலே. அதுக்கு ஒண்ணும் ஆகாது. நீ ஒளியிறதைப் பார்த்துத்தான் அது வெட்கப்படக் கத்துக்கும். நீ மட்டும் எப்படியோ கத்துக்காம வளர்ந்துட்டே. இதை உனக்கு நான் சொல்ல என்ன இருக்கு? உனக்குத் தெரிஞ்சதுதான். எனக்குத்தான் இம்புட்டு வருசம் ஆச்சு.

போன வாரம் டீச்சர் மக ஜெசி வந்தா. அவளுக்கும் அமெரிக்காவுல நர்ஸ் வேலை கிடைச்சிருக்கு, அடுத்த மாசம் போறா. உன்கிட்டப் படிச்ச பிள்ளைகளைத் தேடிப் பிடிச்சு அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டுச் சொல்லவா அத்தைன்னு கேட்டா. ரொம்ப நேரம் யோசிச்சுட்டு வேண்டாம்னுட்டேன். அவங்க கேட்டதை அவங்க சொல்லுவாங்க. நீ என்ன நினைச்சுச் சொன்னேங்கிறது அவங்களுக்கு எப்படித் தெரியும்? நான் சொன்ன பொய்யை அப்படியே எடுத்துச் சொல்லியிருந்தா, அத்தனை பேர் முன்னாடி என் மானத்தைக் காப்பாத்தி, உன் பாடத்தை நீயே கெடுத்திருக்கே. பொய்யைத் தள்ளிட்டு நிசத்தைச் சொல்லியிருந்தா, நான் பட்டுச் சேலையில உட்கார்ந்திருக்க, புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறவளை அவங்களுக்குக் காட்டியிருக்கே. ரெண்டுல எதுவா இருந்தாலும் எனக்கு வருத்தமில்ல. தெரியணும், அம்புட்டுத்தான். அன்னைக்கு நீ வாயெடுத்தப்ப கேட்டிருந்தா ஒரு நிமிசத்துல முடிஞ்சிருக்கும்.

ஏலே, அந்தப் பிள்ளைககிட்ட நான் சொன்னதைச் சொன்னியா, இல்ல, என்னையச் சொன்னியா?